படிக்கட்டில் எடுத்த வீடியோ

ஜார்ஜ்டவுன்
3 மே

அன்புள்ள தம்பி அருணன்,

நலம் விசாரிக்க மனமில்லை. போனை அணைத்து வைத்துவிட்டதால் காகிதத்தில் எழுதுகிறேன். பக்கத்து வீட்டு நூர்ஜான் கொண்டுவந்து தருவாள்.

மெல்பர்னிலிருந்து வர முடியாத என் பிள்ளை யசோதரன் தன் அப்பாவைக் கடைசியாகப் பார்க்கட்டும் என்றுதானே இறுதிச் சடங்கைப் படம் பிடித்தாய்? லிஃப்ட் பழுதாகி, ஏழு மாடிப் படியிலும் பெட்டியைத் தூக்கி இறக்கியதை மட்டும் வெட்டி, உன் தேர்தல் பக்கத்தில் போட்டிருக்கிறாய். நான் கதறுவதை மூன்று லட்சம் பேர் பார்த்தார்களாம். மீன் கடைக்காரர் வரை ஆறுதல் சொல்கிறார். உடனே அழித்துவிடு.

அக்கா
செல்வநாயகி

5 மே

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கோபம் நியாயம்தான். ஆனாலும் கொஞ்சம் கேளுங்கள். எதிரில் நிற்பவர்களின் கொடி ஒவ்வொரு விளக்குக் கம்பத்திலும் பறக்கிறது. சுயேச்சையான எனக்கு வைப்புத்தொகை கட்டியதோடு கை காலி. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து வந்து நான் பேசிப் போட்டதை நாற்பது பேர் பார்த்தார்கள். பாதிப் பேர் என்னோடு வேலை செய்கிறவர்கள். இந்த ஒன்றுக்குப் பிறகுதான் நிருபர்கள் வந்தார்கள். முன்பின் தெரியாதவர்கள் துண்டறிக்கை கொடுக்க வருகிறார்கள். உங்கள் லிஃப்டையும் சரி செய்துவிட்டார்கள். வாக்களிப்புக்கு இன்னும் பதினொரு நாள். அதுவரை பொறுங்கள், அக்கா.

உங்கள் தம்பி
அருணன்

7 மே

தம்பி,

ஊர் பார்த்ததைக்கூடத் தாங்கிக்கொள்வேன். ஐந்தாம் மாடித் திருப்பத்தில், பெட்டியைத் தூக்கி வந்த பழனியப்பனுக்குக் கால் வழுக்கியது. "அண்ணே, ஒரு தோளு குடுங்க லா!" என்று உன்னைப் பார்த்துத்தான் கத்தினார். பெட்டி சாய்ந்தது. நீ போனைப் பிடித்தபடி நின்றாய். உனக்கு முதல் வேலை வாங்கித் தந்த மனுஷன் உன் அத்தான். ஓட்டுக்காகவா அப்படி நின்றாய்? இதற்குப் பதில் சொல்லிவிட்டு அவருடைய முப்பத்தோராம் நாள் சடங்குக்கு, அந்தியேட்டிக்கு, வா.

செல்வநாயகி

8 மே

அக்கா,

சத்தியமாக இல்லை. யசோதரன் அப்போது நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தான். "மாமா, போனைக் கீழ வைக்காதீங்க, அப்பா போயிருவாரு" என்று அழுதான். அந்த இரைச்சலில் உங்களுக்குக் கேட்டிருக்காது. யாருக்குக் கை கொடுப்பது என்று தெரியாமல் நின்றுவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து அதை வெட்டிப் போட்டேனே, அது எனக்காகத்தான். கேட்டால் வேண்டாம் என்பீர்கள் என்று தெரிந்தே கேட்கவில்லை. இன்று காலை அழித்துவிட்டேன். கூட இருப்பவர்கள் திட்டுகிறார்கள். மற்றவர்கள் எடுத்து வைத்திருப்பதை என்னால் அழிக்க முடியவில்லை. மன்னியுங்கள்.

அருணன்

10 மே

அன்புள்ள தம்பி,

யசோதரனிடம் பேசினேன். நீ சொன்னதையே அவனும் சொல்லி அழுதான். என் கோபம் பாதிதான் போயிருக்கிறது, மீதி இருக்கட்டும்.

எதிர் அடுக்குமாடியில் சித்தி ஆயிஷா என்று ஒரு மலாய்க்காரப் பெண். லிஃப்ட் ஓடாததால் அவள் மாமியார் ஆறு மாதமாக ஒன்பதாம் மாடியை விட்டு இறங்கவில்லையாம். எங்கள் கட்டடத்துக்காகவும் பேசுங்கள் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். அவளுக்கு என்ன பதில் சொல்ல?

அந்தியேட்டிக்கு முதல் ஆளாக வா. சடங்கு முடிந்ததும் முகம் கழுவிக்கொண்டு நானே உட்கார்ந்து அவர்கள் லிஃப்டுக்காகப் பேசுகிறேன். நீ எடு. நான் நிறுத்தச் சொன்னால், யார் பார்த்துக்கொண்டிருந்தாலும் நிறுத்திவிடு.

உன் அக்கா
செல்வநாயகி