கேப்டன் காரோவும் தருமன் வீட்டுப் பாவும்

ஆரணி,
7.6.1987

அன்புள்ள மாமாவுக்கு,

உண்ணாமலை வணங்கி எழுதுவது. இங்கு நானும் அத்தையும் உங்கள் தம்பி குடும்பமும் சுகம். மஸ்கட்டில் வெயில் எப்படி, உங்கள் தலைவலி குறைந்ததா என்று எழுதவும்.

களம்பூர் ஜெகநாதன் லீவில் வந்தவர், நீங்கள் கொடுத்தனுப்பிய வீடியோ கேசட்டுகளைக் கொடுத்துவிட்டுப் போனார். வாசனை சோப்பு இருக்கும் என்று அத்தை பையைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்து, “புள்ள பெட்டி பெட்டியா படம் அனுப்பிகினு கீறான்” என்று சலித்துக்கொண்டார்கள்.

பள்ளிக்கூடம் திறந்து நான் பாடம் எடுக்கப் போவதற்குள் வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். நம் டிவியில் ஞாயிற்றுக்கிழமை வருகிறதே கப்பல் நாடகம், அதன் இரண்டாவது தொடர் இவ்வளவு பெரியது என்று நான் நினைக்கவில்லை. நட்சத்திரங்களுக்கு நடுவே போகிற அதே கப்பல்தான். கதை நூறு வருஷம் கழித்து நடக்கிறது, கேப்டன் வேறு ஆள். முதல் தொடரின் கேப்டன் டெல்வின் பொய்யே சொல்லமாட்டான், அதனால் அவன் வெறும் மரப்பாச்சி, புதிய கேப்டன் காரோவுக்குத்தான் மனசில் ஆழம் இருக்கிறது என்று கடிதத்துக்குக் கடிதம் எழுதுகிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அந்தக் காற்று கசிகிற கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். கப்பலில் ஆட்கள் செத்ததற்குக் காரணம் காரோவின் நண்பன். அதை வெளியில் சொன்னால் கப்பல் இரண்டு கட்சியாகி அடித்துக்கொள்ளும் என்று காரோ வாயை மூடிக்கொள்கிறான். பழி பிரென் என்ற மெக்கானிக் தலையில் விழுகிறது. அப்புறம் காரோ தனியாக ஜன்னல் பக்கம் உட்கார்ந்து இருட்டைப் பார்க்கிறான், பின்னால் வயலின் வாசிக்கிறார்கள். அதைப் பார்த்து அழுதேன் என்று எழுதினீர்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. அந்தப் பிரென் என்ன ஆனான்? மிச்சக் கேசட் எல்லாவற்றிலும் தேடினேன். அவனை அடைத்துவைத்த அறையைக்கூட ஒரு தடவை காட்டவில்லை.

வீட்டு விஷயம். கூலி உயர்வு கேட்டு எல்லா நெசவாளர்களும் தறியை நிறுத்தியிருக்கிறார்கள். உங்கள் சிநேகிதர் சடையப்பன்தான் சங்கத்தில் முன்னால் நிற்கிறார். தெருவே சத்தமில்லாமல் கிடக்கிறது. ஆனால் உங்கள் தம்பி மாணிக்கவேல் நம் பின்னறையில் நெய்கிறார். ஞாயிற்றுக்கிழமை தெரு ஜனம் நம் கூடத்தில் டிவி பார்க்க உட்கார்ந்ததும், “சத்தமா வெய்யிங்க அண்ணி” என்று சொல்லிவிட்டுப் பின்னால் போய்த் தறிக்குழியில் இறங்கி நெய்ய உட்கார்ந்துவிடுகிறார். நான் சொன்னால் கேட்கவில்லை. முதலாளி மகள் கல்யாணப் புடவையாம். நம் வீட்டுக் குழந்தைக்கு வலிப்பு வந்தபோது முதலாளிதான் தன் காரில் வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார், அந்தக் கையை எப்படித் தட்டிவிடுவது என்று கேட்கிறார். அவர் கேட்பதும் நியாயமாகத்தான் படுகிறது. நீங்கள் ஒரு வார்த்தை எழுதினால் நிறுத்துவார். ஜல்தியாக எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள
உண்ணாமலை


ஆரணி,
30.6.1987

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் இன்னும் வரவில்லை. அதற்குள் நடக்கக்கூடாதது நடந்துவிட்டது.

பின் சந்து வழியாகப் போன யாரோ தறிச் சத்தம் கேட்டிருக்கிறார்கள். நம் பின்னறைக்கும் பக்கத்து வீட்டுத் தருமன் அண்ணன் தறிக்கும் நடுவில் ஒரே சுவர். நம் வீட்டில் ஊரே உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தது. தருமன் அண்ணன் டிவி பார்க்க வருகிறவர் இல்லை. அதனால் சத்தம் அவர் வீட்டிலிருந்துதான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். சங்கத்து ஆட்கள் நாலைந்து பேர் உள்ளே நுழைந்து, தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருந்த பட்டு இழைப் பாவைக் கத்தியால் அறுத்துவிட்டார்கள். அவர் மனைவி பூங்காவனம் அக்கா குறுக்கே விழுந்து தடுத்ததில் அவர் கை கிழிந்துவிட்டது. நான் போய் நின்றபோது ஆயிரக்கணக்கான இழை தொங்கிக்கொண்டிருந்தது. தருமன் அண்ணன் கத்தவில்லை. “நான் நெய்யலபா, நெய்யலபா” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

உங்கள் தம்பியும் அங்கேதான் நின்றார். சடையப்பன் அவரைப் பார்த்து, பக்கத்துச் சுவர்தானே, உனக்குச் சத்தம் கேட்டதா என்று கேட்டார். டிவி சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்று உங்கள் தம்பி சொல்லிவிட்டார். என்னை யாரும் கேட்கவில்லை. ஆனால் பூங்காவனம் அக்கா என்னையே பார்த்தார்.

அப்போதே சொல்ல வாய்வரை வந்தது. அத்தை என் முந்தானையைப் பிடித்து இழுத்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகு உங்கள் தம்பி தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அழுதுவிட்டு, “இத்தோட விடுங்க அண்ணி” என்றார். வீட்டுக்கு மூத்தவர் நீங்கள். என்ன செய்யட்டும் என்று உடனே எழுதுங்கள்.

உண்ணாமலை


ஆரணி,
26.7.1987

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. கவர் கனமாக இருந்ததும், நல்ல யோசனையாக எழுதியிருப்பீர்கள் என்று வகுப்பில் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிவிட்டு ஜன்னலோரம் போய்ப் பிரித்தேன்.

முதல் பக்கம் காரோ. இரண்டாவது பக்கமும் காரோ. ஒருவனுக்காக முந்நூறு பேரைச் சண்டையில் தள்ளுவதா, பழியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதா, அந்த வேதனையைச் சுமக்கிறவன்தான் பெரிய மனுஷன் என்று எழுதியிருக்கிறீர்கள். டெல்வினுக்கு அப்படி ஒரு வேதனையே வந்ததில்லை, ஆகையால் அவன் குழந்தைகளுக்கான கேப்டன் என்கிறீர்கள். மூன்றாவது பக்கத்தில் நீயும் அப்படித்தான் பொறுத்துப் போகவேண்டும் என்கிறீர்கள். கடைசி வரியில்தான், முதலாளியின் பகையைத் தேடிக்கொள்ளாதே, எனக்கு விசா வாங்கிக் கொடுத்தது அவர் மச்சான் என்று எழுதியிருக்கிறீர்கள்.

அந்த ஒரு வரியை முதலிலேயே எழுதியிருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. பயமாயிருக்கிறது என்று சொன்னால் நான் புரிந்துகொள்ள மாட்டேனா? பயத்துக்கு ஏன் மாமா கேப்டன் உடுப்பு மாட்டுகிறீர்கள்?

போன லீவில் நீங்கள் வந்தபோது சேர்ந்து பார்த்தோமே, டெல்வின் தன் ஆட்கள் செய்த தப்பை எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுகிற கதை. அன்று சாப்பாட்டு அறையில் அவன் மேசையிலிருந்து ஒவ்வொருவராக எழுந்து போவார்கள். அவன் தட்டில் இருந்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடிப்பான். முகத்தில் ஒன்றும் தெரியாது. இந்த ஆளுக்கு நடிக்கவே வரவில்லை என்று சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். இப்போது எனக்கு அவன்மேல் மரியாதை வருகிறது. அவனுக்கும் வலித்திருக்கும், பக்கத்தில் வயலின் வாசிக்க ஆள் இல்லை, அவ்வளவுதான். காரோ கெட்டவன் என்று நான் சொல்லவில்லை. அவன் வருத்தமும் பொய்யில்லை. ஆனால் அவன் வருத்தப்படுவதோடு நின்றுவிடுகிறான். அந்த வருத்தத்தால் பிரெனுக்கு என்ன கிடைத்தது?

நான் சொல்லிவிட்டேன் மாமா. உங்கள் கடிதம் வந்த மறுநாள் சங்கத்துக் கட்டடத்துக்குப் போனேன். போவதற்கு முன்னால் உங்கள் தம்பியிடம், நீங்களே வந்து சொல்லுங்கள், நானும் கூட நிற்கிறேன் என்று கேட்டுப் பார்த்தேன். அவர் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சங்கத்தில் போய், நெய்தது எங்கள் வீட்டுத் தறி, தருமன் அண்ணன் தறி அல்ல என்றேன். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒருவர் உங்கள் பெயரைச் சொல்லி, “தனகோடி ஊர்ல இல்லன்னு பெண்சாதி பஞ்சாயத்துக்கு வந்துட்டா” என்றார். சடையப்பன் அவரை உட்கார வைத்தார். கத்தி எடுத்துப் போனவர்களில் சடையப்பனும் ஒருவர். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

பூங்காவனம் அக்கா என்னைக் கட்டிக்கொள்வார் என்று மனசுக்குள் ஓர் ஆசை இருந்தது. அவர் கையில் போட்டிருந்த கட்டைத் தடவிக்கொண்டே, “இதைச் சொல்ல இத்தினி நாளாடி?” என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்கு அது சரியென்றுதான் பட்டது.

உங்கள் தம்பி மனைவியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு சேவூரில் இருக்கும் மாமனார் வீட்டுக்குப் போய்விட்டார். அத்தை என்னோடு பேசுவதில்லை. நான் வடித்த சோற்றைத் தொடாமல் தனியாகப் பொங்கிக்கொள்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை டிவி பார்க்க யாரும் வருவதில்லை. முதலாளி வீட்டு ஆள் வந்து தறியில் இருந்த புடவையைப் பாதியிலேயே அறுத்து எடுத்துப்போனான். உங்கள் வேலைக்கு என்ன வருமோ தெரியவில்லை. அதை நினைத்தால் எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

ஒன்று மட்டும் சொல்லவேண்டும். அறுத்தவர்களே வந்து தருமன் அண்ணன் வீட்டில் உட்கார்ந்து, அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக முடிச்சுப் போட்டுக் கொடுக்கிறார்கள். நானும் பள்ளிக்கூடம் விட்டதும் போய் உட்காருவேன். நேற்று அங்கே உட்கார்ந்திருந்தபோது வாசலில் சைக்கிள் நிறுத்தும் சத்தம் கேட்டது. பார்த்தால் உங்கள் தம்பி. யாரையும் பார்க்கவில்லை. சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்து இழையை எடுத்தார். தருமன் அண்ணன் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. எல்லோருக்கும் டீ வந்தது, அவருக்கு வரவில்லை. பொழுது சாய்கிறவரை முடிச்சுப் போட்டுவிட்டு எழுந்து போனார். அவர் முடிந்த முடிச்சுகளைத் தருமன் அண்ணன் பிறகு ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். ஒன்றும் அவிழவில்லை.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். இந்தக் கடிதத்துக்கு எனக்குப் பதில் எழுத வேண்டாம். கேப்டன்களைப் பற்றி நாம் அப்புறம் எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடலாம். முதலில் தருமன் அண்ணனுக்கு, நம் வீட்டுக்கு மூத்தவராக, உங்கள் கைப்பட ஒரு கடிதம் எழுதுங்கள். நீளமாக வேண்டாம். என் வீட்டில்தான் நடந்தது, என் மனைவி சொன்னது உண்மை என்று இரண்டு வரி போதும். தபால்காரர் நம் வாசலைத் தாண்டித்தான் அவர் வீட்டுக்குப் போகவேண்டும். நான் வாசலில் நின்று பார்த்துக்கொள்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெயிலில் தலைக்குத் துணி கட்டாமல் போகாதீர்கள்.

என்றும் உங்கள்
உண்ணாமலை