சனிக்கிழமை விளக்கும் நாலு டயரும்

கஃபர் ஸைத்,
13 அக்டோபர் 1996

என் கண்ணே நஸ்ரி,

மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். சாப்பிடுகிறாயா? தையல் போட்ட இடம் குளிருக்கு இழுக்கிறதா? போனில் கேட்கலாம்தான். ஆனால் கடைக்கார இல்யாஸ் போனை என் கையில் கொடுத்துவிட்டுத் தன் காதை மட்டும் அங்கேயே விட்டு வைக்கிறான். அதனால்தான் எழுதுகிறேன்.

வருஷா வருஷம் போல மேல் ஊர் மொத்தமும் கீழே இறங்கிவிட்டது. வீடுகளைப் பூட்டி, குழாய்த் தண்ணீரை வடித்து, கோழிகளைக் கூடையில் போட்டுக்கொண்டு கஃபர் ஸைத்துக்கு வந்து சேர்ந்தோம். ஏப்ரல் வரைக்கும் மேலே ஓநாய்களும், கோயிலில் நம் காவல் புனிதர் அர்ச்சியசிஷ்ட மார் தூமித்தும்தான்.

இனி சொல்லப்போவதைக் கேட்டுக் கத்தாதே. மே மாதம் உன் சிறுநீரகத்தில் கட்டி என்று சேதி வந்த அன்று, நான் மார் தூமித் கோயில் வாசலில் செருப்பில்லாமல் நின்று ஒரு நேர்ச்சை செய்தேன். டாக்டர் உன்னைப் பார்த்து "சுத்தமாகிவிட்டது" என்று சொல்கிற நாள் வரை ஒரு சனிக்கிழமைகூடத் தவறாமல் அந்தக் கோயிலில் எண்ணெய் விளக்கு ஏற்றுவேன் என்று. இதுவரை ஒன்றும் தவறவில்லை. மே மாதத்தில் நிற்கிறவளுக்கு ஜனவரி எங்கே ஞாபகம் வரும்?

ஆகவே உன் மாமா யூசுப் விட்டுப்போன ஜப்பான் வண்டியை வெளியே எடுத்திருக்கிறேன். பழசுதான், ஆனால் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி. பின்னால் நீளமாக இடம் இருக்கிறது. அதைப் பனிக்கும் மலைக்கும் ஏற்றபடி மாற்ற வேண்டும். அங்கே ஆறு மாசம் பனியில்தானே ஓட்டுகிறீர்கள். என்னென்ன செய்ய வேண்டும், எழுது.

நீதான் என்னைக் குழியில் வைக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிற
உன் அத்தை லபீபே

*

மொன்றியல்,
27 அக்டோபர் 1996

அன்புள்ள அத்தை,

நான் கத்தவில்லை. அறைக்குள் கொஞ்சம் நடந்தேன், அவ்வளவுதான். தையல் நன்றாக இருக்கிறது. சாப்பிடுகிறேன்.

நான் கேட்டேனா அத்தை இந்த நேர்ச்சையை? மேல் ஊர் ரோட்டில் பனிக்காலத்தில் ஆடுகூடப் போகாது. அந்த வளைவுகளில் உங்களுக்கு ஒன்று ஆகிவிட்டால், பிழைத்து வந்த இந்த உடம்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? கண்ணாடியில் எப்படிப் பார்ப்பது? எனக்கு மார் தூமித்திடம் நம்பிக்கை கிடையாது, உங்களுக்கே தெரியும். ஆனால் உங்களுக்கு அபூனா மிகாயிலிடம் நம்பிக்கை இருக்கிறது. சாமியாருக்கு நேர்ச்சையை மாற்றிக் கொடுக்க அதிகாரம் உண்டாம். அவரிடம் கேளுங்கள்.

அவர் மாற்றித் தரவில்லை என்றால் மட்டும் கீழே உள்ளதைப் படியுங்கள்.

முதலில் டயர். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். பனி டயரின் ரப்பர் மிருதுவாக இருக்கும், குளிரில் கல்லாகாது. இங்கிருந்து ஊருக்குச் சாமான் அனுப்புகிற ஸலீமின் கண்டெய்னரில் அனுப்புகிறேன், நவம்பர் கடைசியில் வந்துவிடும். வண்டியை ஸ்பிரிங்குக்கு மேலே கட்டை வைத்து ரெண்டு விரல் மட்டும் உயர்த்துங்கள். அதற்கு மேல் உயர்த்தினால் சக்கரத்துக்குப் போகிற தண்டு சாய்ந்து, அதன் ரப்பர் உறை கிழிந்துவிடும். எஞ்சினுக்கு அடியில் கனமான தகடு. முன்னும் பின்னும் இழுவைக் கொக்கி. புது பேட்டரி. ரேடியேட்டருக்குக் குளிரில் உறையாத தண்ணீர். உள்ளே ஒரு மண்வெட்டி, கம்பளி, கயிறு. மாமா தன் பழைய வண்டியின் பின்னால் கல் மூட்டை ஏற்றுவாரே, அது இதற்கு வேண்டாம். பின் சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டிக்குத்தான் அந்த வைத்தியம்.

கோபமாக எழுதியிருந்தால் மன்னியுங்கள்.

உங்கள் நஸ்ரி

*

கஃபர் ஸைத்,
5 டிசம்பர் 1996

என் ராஜாவே,

நேற்று அர்ச்சியசிஷ்ட பார்பாராவின் திருநாள். கோதுமை வேகவைத்து, சர்க்கரையும் மாதுளையும் போட்டு, உன் பங்கை ஒரு கிண்ணத்தில் மூடி வைத்துப் பிறகு நானே சாப்பிட்டேன்.

நீ சொன்னபடி அபூனாவிடம் போனேன். நல்ல மனுஷன், உடனே சரி என்றார். கீழ்க் கோயிலிலேயே விளக்கு ஏற்றி நவநாள் செபித்தால் போதும், மாற்றித் தருகிறேன் என்றார். நான் கேட்டேன்: "சாமி, மேல வரேன்னு ஒருத்தருக்கு வாக்கு குடுத்துட்டு, கீழ நின்னுக்கிட்டே கையைக் காட்டினா அவரு என்ன நெனப்பாரு?" அபூனா தாடியைச் சொறிந்தார். நம் சபையில் சாமியாருக்குக் கல்யாணம் உண்டு என்பது நல்லதாய்ப் போயிற்று. அவர் மனைவி ஆதேல் உள்ளேயிருந்து சொன்னாள், "விடுங்க, அவ சொல்றது நியாயம்தான். உங்களுக்குத்தான் மேல ஏற பயம்." அதோடு முடிந்தது.

பிறகு வண்டி ஹன்னூஷ் பட்டறைக்குப் போனது. ஹன்னூஷைத் தெரியுமே, எதையும் பாதியில் நிறுத்தத் தெரியாதவன். "லபீபே அக்கா, ஒரு சாண் தூக்கிடறேன், டாங்கி மாதிரி நிக்கும்" என்றான். ஏணி வைத்தா ஏறுவது என்று கேட்டேன். உன் கடிதத்தைக் காட்டினேன். முகம் சுருங்கிவிட்டது, பாவம். ஆனாலும் ரெண்டு விரல்தான் வைத்தான். அடியில் தகடு அடித்தாகிவிட்டது. அந்தத் தகடு பழைய தண்ணீர்த் தொட்டியுடையது, நல்ல கனம். கொக்கி போட்டாகிவிட்டது. மஞ்சள் விளக்கு ரெண்டு நான் கேட்காமலே மாட்டிவிட்டான். பார்க்க வண்டி மூக்குக் கண்ணாடி போட்ட மாதிரி இருக்கிறது.

டயரும் வந்தது. நாலையும் கூடத்தில் வைத்துச் சாம்பிராணி காட்டினேன். அபூனா வந்து தீர்த்தம் தெளித்தார். தெளிக்கும்போதே அவற்றைத் தடவித் தடவிப் பார்த்தார். அவருடைய பழைய ஜெர்மன் காருக்கும் அதே அளவாம். இந்த மலையில் எங்கே சாகக் கிடக்கிறார்கள் என்றாலும், மழையோ பனியோ, அவர்தானே எண்ணெய் பூசப் போக வேண்டும்? நான் யோசித்தேன். எனக்கு நாலு, அவருக்கு ஒன்றும் இல்லை என்றால் அது கிறிஸ்தவக் குணமா? முன் சக்கரத்துக்கு ரெண்டை நான் வைத்துக்கொண்டேன். ரெண்டை அவருக்குக் கொடுத்துவிட்டேன். என் வண்டியில் பின்னால் பழைய டயரே நல்லாத்தான் இருக்கிறது.

நீ கொடுத்ததாகவே சொன்னேன். ஞாயிறு பூசையில் உன் பெயரைச் சொல்லிச் செபித்தார்.

உன் அத்தை

*

மொன்றியல்,
19 டிசம்பர் 1996

அத்தை,

இந்தக் கடிதம் வரும்வரை வண்டியை எடுக்காதீர்கள் என்று சொல்ல ஆசை. ஆனால் இது உங்கள் கைக்கு வரும்போது ரெண்டு மூன்று சனிக்கிழமை போயிருக்கும்.

இந்த மாதிரி வண்டிக்கு நாலு டயரும் ஒன்றுபோல இருக்க வேண்டும். நாலு பேர் ஒரு கட்டிலைத் தூக்கிப்போகிறார்கள், அதில் ரெண்டு பேர் கால் நீளம், ரெண்டு பேர் குட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டில் இழுபடும். புது டயரும் தேய்ந்த டயரும் வேறு வேறு வேகத்தில் சுற்றினால் நடுவில் உள்ள பல்சக்கரம் சூடேறி வெந்துபோகும். அதோடு, முன்னால் பிடித்துப் பின்னால் வழுக்கினால் வளைவில் வண்டி தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும். உங்கள் தர்மம் உங்களைப் பள்ளத்தில் தள்ளும்.

அபூனாவிடமிருந்து ரெண்டையும் திரும்ப வாங்குங்கள். வெட்கமாக இருந்தால் என் பெயரைச் சொல்லுங்கள், நான் கஞ்சன் என்றுகூடச் சொல்லுங்கள்.

நஸ்ரி

*

கஃபர் ஸைத்,
8 ஜனவரி 1997

என் கண்மணி,

ஆண்டவருக்கு ஸ்தோத்திரம், உயிரோடு இருக்கிறேன். உன் கடிதம் வருவதற்கு முன்னாலேயே வண்டி எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

கிறிஸ்துமஸுக்கு அடுத்த சனிக்கிழமை. கலப்பை வண்டி பனியைத் தள்ளிவிட்ட இடம் வரை ஒன்றும் இல்லை. அதற்கு மேலே ஒவ்வொரு திருப்பத்திலும் வண்டி விக்கல் எடுக்கிற மாதிரி உதறியது. பிறகு அடியிலிருந்து கருகின வெங்காயம் மாதிரி வாசம். பின்பக்கம் நைஸாக ஒரு முறை விலகிக் காட்டியது. மாதாவே என்று நிறுத்திவிட்டேன். ஜெபமாலையைக் கையில் எடுத்தேன். ரெண்டாவது தேவ இரகசியத்தைச் செபித்துக்கொண்டிருக்கும்போது கீழே ஒரு கார் முனகுவது கேட்டது. அபூனா. நான் தனியாகப் போகிறேன் என்று ஆதேல் அவரைத் துரத்திவிட்டிருக்கிறாள். ரெண்டு டயருக்கு அந்தக் கார் அவ்வளவு தூரம் வந்ததே அதிசயம். என் வண்டிக்குப் பக்கத்தில் வந்ததும் அதுவும் படுத்துவிட்டது.

ரெண்டு பேரும் பனியில் நின்று பார்த்தோம். அபூனா சொன்னார்: "லபீபே, பாதிப் பாதியா பிரிச்சதுல ரெண்டு பேரும் மேலயும் போகல, கீழயும் போகல."

அங்கேயே ஜாக்கி போட்டு மாற்றிவிட்டதாக நினைக்காதே. ரிம்மிலிருந்து டயரைக் கழற்ற நாங்கள் என்ன ஹன்னூஷா? என் வண்டி சூடு தணியும்வரை காத்திருந்து, அவர் காரை அங்கேயே விட்டுவிட்டு, ஆமை மாதிரி மேலே போய் விளக்கை ஏற்றிவிட்டுத் திரும்பினோம். கயிறு கட்டி அவர் காரையும் இறக்கினோம். திங்கட்கிழமை ஹன்னூஷ் நாலையும் என் வண்டிக்கே போட்டான். பல்சக்கரம் பிழைத்தது என்கிறான், எண்ணெய் மட்டும் மாற்றினான். இப்போது ஏற்பாடு இப்படி: பனி நாளில் யாருக்காவது சாமியார் வேண்டும் என்றால் நான் அவரை ஏற்றிப்போகிறேன். டயரைப் பங்கு போடுவதற்குப் பதிலாக வண்டியையே பங்கு போட்டுவிட்டோம்.

ஒன்று சொல்ல வேண்டும். ஐம்பத்தாறு வயசில் என் வீட்டைப் பனியில் முதல் தடவையாகப் பார்த்தேன். நாம் யாருமே பார்த்ததில்லையே. அத்திமரம் வெள்ளைச் சேலை கட்டியிருக்கிறது. உன் அப்பாவின் வீட்டு மாடிப்படி கைப்பிடி மட்டும் வெளியே தெரிகிறது. எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? இறங்கி வந்து எல்லாரிடமும் சொன்னேன். இப்போதே பின் சீட்டுக்குச் சண்டை. போன வாரம் இல்யாஸ் வந்தான், மேல் ஊரில் பூட்டிக் கிடக்கிற தன் கடையைப் பனியில் பார்த்து வாயே பேசவில்லை. முதல் தடவை.

உன் ஸ்கேன் பிப்ரவரி கடைசியில் என்றாயே. அதுவரைதான் என் கடன்.

லபீபே அத்தை

*

கஃபர் ஸைத்,
24 பிப்ரவரி 1997

நஸ்ரி கண்ணு,

இன்று எழுத மனசு கனக்கிறது. நேற்று முன்தினம் சனிக்கிழமை நான் கோயிலுக்குப் போய்ச் சேரவில்லை.

காலையிலிருந்து காற்று. நானும் அபூனாவும் மட்டும்தான் கிளம்பினோம். வண்டி நன்றாக ஏறியது, ஒரு குறையும் சொல்ல மாட்டேன். கோயில் மணிக்கூண்டு கண்ணுக்குத் தெரிகிற கடைசி வளைவில் பனி சரிந்து கதவுக் கைப்பிடி உயரத்துக்குக் கிடந்தது. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் ஒன்றுமில்லை. இறங்கி மண்வெட்டியால் குத்திப் பார்த்தேன். மேலே பொடி, உள்ளே கெட்டி. வேகமாக வந்தால் வண்டி தாண்டியிருக்கும், சத்தியமாகச் சொல்கிறேன். தாண்டாமலும் போயிருக்கலாம்.

அபூனாவுக்கு அன்றைக்கு எங்கிருந்தோ வீரம் வந்துவிட்டது. "போ லபீபே. அர்ச்சியசிஷ்டவர் பாத்துப்பார். கடைசி வாரம்."

நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்குச் சாவு பயம் இல்லை, உனக்குத் தெரியும். ஆனால் நான் அங்கே விழுந்தால் அது யார் தலையில் விழும்? நீ பிழைக்க வேண்டும் என்று செய்த நேர்ச்சை, நீ பிழைத்த பிறகு உன்னை நசுக்கலாமா? "இல்ல சாமி" என்று சொல்லி, ரிவர்ஸிலேயே வந்து அகலமான இடத்தில் வண்டியைத் திருப்பினேன்.

பின் கதவைத் தூக்கி, அதன் அடியில் ஒதுங்கி விளக்கை ஏற்றினோம். காற்று அணைத்துக்கொண்டே இருந்தது. கடைசியில் காபி காய்ச்சுகிற பாத்திரத்துக்குள் வைத்தேன், நின்றது. மணிக்கூண்டைப் பார்த்தபடி அபூனா செபித்தார். திரியும் எண்ணெயும் தீரும்வரை இருந்தோம். ஆனால் கோயிலில் ஏற்றுவேன் என்றுதானே சொன்னேன். வழியில் ஏற்றுவேன் என்று சொல்லவில்லையே.

இன்று உனக்கு ஸ்கேன். நான் ரெண்டு நாளாய்த் தூங்கவில்லை. நான் திரும்பினதால் உனக்கு ஏதாவது ஆகிவிடுமா? அபூனா ஆகாது என்கிறார், ஆனால் அவர்தான் போகச் சொன்னவர். நம்பிக்கை இல்லாதவன்தான் நீ, ஆனால் என்னிடம் பொய் சொல்ல மாட்டாய். நீயே சொல். சீக்கிரம் எழுது.

அத்தை

*

மொன்றியல்,
10 மார்ச் 1997

என் அருமை அத்தை,

முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன்: சுத்தம். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி ஒன்றும் இல்லை என்றார். இனி வருஷத்துக்கு ஒரு முறை வந்தால் போதுமாம். இந்த வரியை இல்யாஸ் கடையில் சத்தமாகப் படியுங்கள், அவனுக்கு வேலை மிச்சம்.

உங்கள் கடிதம் அதற்குப் பிறகு வந்தது. வேலை இடத்தில் பிரித்தேன். "வண்டியைத் திருப்பினேன்" என்ற இடத்தில் நிறுத்திவிட்டு, வெளியே போய்க் குளிரில் நின்றேன். கூட வேலை செய்கிறவன் வந்து, "என்னப்பா, கெட்ட சேதியா?" என்றான். எங்க அத்தை நல்லா வண்டி ஓட்டுறாங்க என்றேன். அவனுக்குப் புரியவில்லை.

இந்த வருஷம் எனக்காக எல்லாரும் எதையாவது தாங்கினார்கள். நீங்கள் அதிகமாகவே தாங்கினீர்கள். ஆனால் அந்த வளைவில் நீங்கள் திரும்பியதைவிடப் பெரிதாக எனக்கு யாரும் எதுவும் செய்ததில்லை. எனக்காக ஏறி நீங்கள் விழுந்துவிடுவீர்களோ, எத்தனையோ மாசமாக என் நெஞ்சில் இருந்த பயம் இதுதான். ஸ்கேன் இல்லை.

நேர்ச்சை முறிந்ததா என்று கேட்கிறீர்கள். எனக்குத் தெரியாது அத்தை, பொய் சொல்ல மாட்டேன். ஒரு சனிக்கிழமை பாக்கி என்று உங்கள் மனசு சொன்னால் அதை எனக்கு விட்டுவிடுங்கள். ஜூன் மாதம் டிக்கெட் எடுத்திருக்கிறேன். அந்த ஒரு விளக்கை நான் ஏற்றுகிறேன். நம்பிக்கை வந்துவிட்டதா என்று மட்டும் வழியில் கேட்கக் கூடாது, அபூனாவிடமும் சொல்லி வையுங்கள்.

ஏப்ரலில் ரோடு காய்ந்ததும் பனி டயர் நாலையும் கழற்றி நிழலில் அடுக்குங்கள், வெயிலில் ஓடினால் சீக்கிரம் தேயும். நான் வரும்போது ரோட்டில் ஒரு பொட்டுப் பனி இருக்காது, யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். இருந்தாலும் வண்டியை நீங்கள்தான் ஓட்ட வேண்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணெய்ப் புட்டியைப் பிடித்துக்கொள்கிறேன்.

உங்கள் பிள்ளை
நஸ்ரி