கொலையாளியின் பெயருக்குக் கீழே ஒரு குறிப்பு

சென்ற ஞாயிறு காலை ஒன்பதேகாலுக்கு, ஏறத்தாழ ஓராண்டு கால ஆலோசனைக்குப் பின், தொலைக்காட்சிக்கு முன்னால் இருக்கும் உமது பிரம்புக் கதிரையைப் பல்கனிக்கு மாற்றுவது என்ற தீர்மானம் எங்கள் வீட்டில் நிறைவேறியது. கூட்டத்துக்கு இருவர் வந்திருந்தோம். பிரேரித்தவர் என் மனைவி. வேறு ஆள் இல்லாததால் நானே ஆமோதித்தேன். இதைவிடச் சிறிய விடயங்களுக்காக வெள்ளவத்தையில் மாடிக் குடியிருப்புச் சங்கங்கள் இரண்டாகப் பிரிந்திருக்கின்றன என்பது உமக்குத் தெரியும்.

கதிரையைத் தூக்கிச் சரித்தபோது, இருக்கைக்கும் கைப்பிடிக்கும் இடையிலிருந்து நான்காக மடித்த கலண்டர்த் தாள் ஒன்று விழுந்தது.

உமக்குத் தெரிந்ததையே உமக்குச் சொல்கிறேன். சாட்சியத்தை முதலிலிருந்து அடுக்க வேண்டும் என்பது நாம் இருவரும் துப்பறியும் தொடர் எட்டுப் பருவங்கள் பார்த்துக் கற்ற ஒழுக்கம்.

பிரித்தானியத் துப்பறியும் தொடர்களை நமக்கு அறிமுகப்படுத்தியவர் லண்டனிலுள்ள உமது மகன். தன் கணக்கின் கடவுச்சொல்லை அனுப்பி, எங்கள் வீட்டுப் பெரிய தொலைக்காட்சியில் திறக்கச் சொன்னார். பச்சை வயலையும் கல்வீடுகளையும் பார்த்தால் உமக்கு அங்கே வந்து தன்னோடு இருக்க ஆசை பிறக்கும் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். நீர் ஞாயிறு தோறும் மாலை நான்கு மணிக்கு நான்காம் மாடியிலிருந்து எங்கள் இரண்டாம் மாடிக்கு இறங்கி வந்தீர்.

நமக்குப் பிடித்த தொடர் நடந்த ஊர் அப்பர் மெல்டிங்கம். ஒரு தேவாலயம், ஒரு மதுக்கடை, ஒரு விடுதி, எல்லாமாக இருநூறு பேர். ஒவ்வொரு பாகத்திலும் மூன்று பேர் கொல்லப்பட்டும் சனத்தொகை குறையவில்லை.

“கிழமைக்கு மூண்டு சாவு விழுகிற ஊருக்கு வயதுபோன தகப்பனைக் கூப்பிடுறான், ஐசே. பிள்ளை வளர்த்த லட்சணம்,” என்பீர். என்னை நீர் ‘ஐசே’ என்றுதான் கூப்பிடுவீர்.

நான் சிரிப்பேன். எண்பத்துமூன்று கலவரத்தில் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு பையோடு வெளியேறிய உமக்குக் கொலைகள் பெரிதாகப் படவில்லை. பிணம் விழுந்த பத்தாவது நிமிடத்தில் பொலிசார் வந்து, வாக்குமூலம் கேட்குமுன் தேநீர் குடிக்கிறீர்களா என்று கேட்பதுதான் உம்மால் நம்பமுடியாத பகுதி.

துப்பறிபவர் எல்லோரையும் மண்டபத்துக்கு அழைக்கும் கட்டத்தில் படத்தை நிறுத்துவோம். சுவர்க் கலண்டரிலிருந்து அன்றைய தாளைக் கிழித்து உமக்குத் தருவேன். ஏற்கெனவே கிழித்த முதல் நாள் தாள் எனக்கு. ஆளுக்கொரு பெயரைப் பின்பக்கத்தில் எழுதி மேசையில் கவிழ்த்து வைத்த பிறகுதான் மீதி ஓடும். கடற்கரை ரயில் சரியாகக் குற்ற ஒப்புதலின்போது கடந்துபோகும். பின்னால் ஓட்டி மறுபடி கேட்போம். கொச்சிக்கடைப் பண்டசாலையில் முப்பது வருடம் எழுதுவினைஞராக இருந்து, பெட்டிக்குப் பெட்டி ‘மூலை உடைந்தது’, ‘ஈரம்’ என்று எழுதிப் பழகிய கை உம்முடையது. கொலையாளிகளுக்கும் அந்த மரியாதை கிடைத்தது. ‘பாதிரியார். குறிப்பு: சப்பாத்தில் சேறு.’

தேநீரோடு வரும் என் மனைவி, திரையை அரை நிமிடம் பார்த்துவிட்டு, “அந்த டொக்டர்தான்,” என்று சொல்லிப் போவாள்.

“என்னத்தை வைச்சுச் சொல்லுறீங்கள்?” என்று நீர் கேட்பீர்.

“அவன்தானே எல்லாருக்கும் உதவி செய்துகொண்டு திரியிறான்.”

அவள் சொன்னது ஒருநாளும் பிழைத்ததில்லை. ஆதாரம் காட்டாததால் அவளுடைய தீர்ப்புகளை நாம் ஏற்கவில்லை.

கடைசியில் மகன் விசா விண்ணப்பத்தை அனுப்பினார். அரசாங்கத்துக்கு முப்பத்தொரு வருடம் மொழிபெயர்த்தவன் என்பதால் நிரப்பும் பொறுப்பு எனக்கு வந்தது. பிரம்புக் கதிரையிலிருந்து நீர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

“மகனோடை ரெண்டு மாதம். அதுக்குப் பிறகு அப்பர் மெல்டிங்கமிலை ரெண்டு கிழமை. எழுதும்.”

“அங்கை எங்கை தங்குவீர்?”

“தேவாலயத்துக்குப் பக்கத்து விடுதியிலை.”

“அதிலை நாலு கொலை நடந்ததல்லோ?”

“அப்ப அறை லேசாக் கிடைக்கும்.”

எழுதினேன். வாரந்தோறும் கண்ணால் பார்க்கும் ஒரு ஊரை வரைபடத்தில் தேட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மறுப்புக் கடிதம் ஆறு வாரத்தில் வந்தது. பயணத் திட்டத்தில் கண்ட ஊரும் விடுதியும் இருப்பதாகத் தெரியவில்லை என்று அதில் இருந்தது. நான் இரண்டு முறை வாசித்தேன். நீர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்.

“பாத்தீரே, ஐசே. அவையின்ரை ஊர் அவைக்கே தெரியேல்லை.”

மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று மகன் மன்றாடினார். இந்தப் பருவம் முடியட்டும் என்று நீர் தள்ளிப்போட்டீர். இரண்டு பாகங்கள் மிச்சம் இருக்கையில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பால்மா வாங்கி வந்து, மாடிப்படியில் உட்கார்ந்தீர். பிறகு எழும்பவில்லை.

உம்மைக் கிடத்தியிருந்த மலர்ச்சாலையில் உமது மகன் என்னைத் தனியே கூப்பிட்டார். “அங்கிள், அந்த ஊரை ஃபோர்மிலை எழுதினது நீங்களோ?”

“ஓம், தம்பி.”

“ஒருக்கா செக் பண்ணியிருக்கலாமே. அங்கை வந்திருந்தால் நான் டொக்டரிட்டைக் காட்டியிருப்பன்.”

அதன்பின் வந்த ஓராண்டில் நான் பல முறை அந்த மறுப்புக் கடிதத்தின் பிரதியை எடுத்து வாசித்தேன். துப்பறியும் தொடர்களில் கொலையாளிக்குத் தான் கொன்றது தெரிந்திருக்கும். அந்த வசதி எனக்கு இருக்கவில்லை.

இனி அந்தத் தாள். உமது கையெழுத்து: ‘தோட்டக்காரன். குறிப்பு: ஏணி. மேலும்: இந்த ஊர் இல்லாத ஊராம். படத்துக்காகச் செய்ததாம். பேத்தி போனில் சொன்னாள். ஐசேக்குச் சொல்லவில்லை. நம்பியிருக்கிறார்.’

திருப்பினேன். திகதி, விண்ணப்பம் எழுதிய நாளுக்கு மூன்று வாரம் முந்திய ஞாயிறு. எனக்கு அந்த ஞாயிறு நினைவிருக்கிறது. பேனை கசிந்துவிட்டது, வேறு தாள் தாரும் என்றீர். நான் திங்கட்கிழமையைக் கிழித்துத் தந்தேன். மறுநாள் சுவரில் செவ்வாய் தொங்கியதால் மனைவி ராகுகாலத்தைப் பிழையாகப் பார்த்து, மத்தியானம் வரை இருவரையும் ஏசினாள். குறிப்பெழுதும் பழக்கத்தில் எழுதிவிட்டு, அதை நான் வாசிக்கப்போகிறேன் என்பது பிறகுதான் உமக்கு உறைத்திருக்கிறது; கசிந்த பேனை வெறும் சாட்டு.

தாளை மனைவியிடம் காட்டினேன். அவள் அரை நிமிடம் பார்த்தாள்.

“அவருக்குப் போக மனமில்லையெண்டு உங்களுக்கு இப்பதான் தெரியுமோ? குளிருக்கு ஒரு சுவெட்டர் வாங்காத மனுசன் எங்கை போறது?”

“அப்ப எனக்கு ஏன் சொல்லேல்லை?”

“நீங்கள் ஆதாரம் கேப்பியள்.”

பிறகு, “வெள்ளிக்கிழமை முதலாம் வருச ஆட்டைத் திவசத்துக்கு லண்டனிலையிருந்து தம்பி வருது. கொண்டுபோய்க் காட்டுங்கோ. பழி உங்களிலை இல்லையெண்டு தெரியட்டும்,” என்றாள்.

வெள்ளிக்கிழமை தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். மண்டபத்தில் உமது உறவினர் எல்லோரும் கூடியிருந்தார்கள். நமது தொடர்களில் உண்மையை எடுத்து வைக்க இப்படியொரு மண்டபமே வேண்டும். உமது மகன் மெலிந்திருந்தார். பந்தியில் சாம்பார் வாளியோடு நின்றவர் என்னைக் கண்டதும் அதை யாரிடமோ கொடுத்துவிட்டு வந்தார்.

“வீட்டிலை அப்பாவுக்கெண்டு ஒரு அறை பெயின்ட் அடிச்சு வைச்சிருந்தனான், அங்கிள். கீழ் மாடியிலை. படியேறத் தேவையில்லை. அவருக்கு வர எவ்வளவு ஆசை. அந்த ஒரு வரியாலை எல்லாம் போச்சு.”

என் கை சட்டைப் பையில் இருந்தது.

“பிழை என்னுடையது, தம்பி,” என்றேன். “நான் பார்த்து எழுதியிருக்க வேணும்.”

அவர் தலையசைத்தார். வாளியைத் திரும்ப வாங்கிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனார். எனக்கு அவர் சாம்பார் ஊற்றவில்லை. வேறொருவர் ஊற்றினார்.

தாள் இப்போது என் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் இருக்கிறது. கண்ணாடியை எடுக்கும்போதெல்லாம் அதுவும் கூட வருகிறது. மடித்து உள்ளே வைக்கிறேன். வெயிலில் பிரம்பு வெடிக்கும் என்று மனைவி சொன்னதால் கதிரை பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது. சென்ற ஞாயிற்றின் தீர்மானம் அவ்வளவு காலந்தான் அமுலில் இருந்தது.

மிச்சமிருந்த இரண்டு பாகங்களையும் பார்த்துவிடுவது என்று இன்று முடிவுசெய்தேன். இன்றைய தாளைக் கிழித்து, நேற்றைய தாளோடு மேசையில் வைத்தேன். மனைவி தேநீர் கொண்டுவந்தாள். நான்கு மணிக்குத் தொலைக்காட்சியைப் போட்டேன்.

கடவுச்சொல் மாற்றப்பட்டிருந்தது.