கரவலை இழுத்தவன்

மச்சான்,

இன்று காலை சம்மாந்துறையில் பஸ்ஸுக்குக் காத்துநின்றேன். பக்கத்தில் ஓர் இளந்தாரி போனில் கத்தினான்: “கரவலை இழுக்காம விசயத்தச் சொல்லன்டா!” எனக்குச் சிரிப்பு வந்தது. கடலே இல்லாத ஊரில், உன் பேர் தெரியாமல், உன்னைத்தான் அவன் ஏசிக்கொண்டிருந்தான்.

அந்தச் சொல் பிறந்தது கல்முனையில், என் புடவைக் கடையில். தீபாவளிக்கு மகளின் சட்டைக்குத் துணி எடுக்க வந்த நீ, வீரமுனைக் கோயில் திருவிழாவில் தொடங்கினாய். பிறகு காற்று, மறுகா நெல் விலை, மறுகா உன் மாமியின் கால்வீக்கம். துணி மட்டும் வாயில் வரவில்லை. தூரக் கடலில் வலையை வளைத்துப் போட்டு, இரண்டு பக்கக் கயிற்றையும் கரையில் நின்று மெல்ல மெல்ல இழுப்பதுதானே உன் தொழில்? “என்ன மச்சான், இங்கயும் கரவலதான் இழுக்காய்?” என்றேன். கடையே சிரித்தது. உனக்குக் கோபம் வரவில்லை. “அவசரப்பட்டு இழுத்தா வல கிழிஞ்சிரும் மச்சான்” என்றாய். கொஞ்ச நாளில் சுற்றிவளைத்துக் கதைப்பவர்களுக்கெல்லாம் சந்தையில் அதுதான் பேர்.

பிறகு கடல் ஊருக்குள் வந்தது. என் இளைய மகளைக் காணவில்லை. பள்ளிக்கூடத்தில் அகதியாகக் கிடந்த என்னைத் தேடி நீ வந்தாய். உன் தோணியும் வலையும் போயிருந்தன. என்னை நிழலுக்குக் கூட்டிப்போனாய். தேத்தண்ணி வாங்கித் தந்தாய். என் தம்பியைக் கூப்பிட்டு என் பக்கத்தில் இருத்தினாய். எந்தப் பாலம் உடைந்தது, எந்த லொறியில் வந்தாய் என்று கதைத்தாய், கதைத்துக்கொண்டே இருந்தாய்.

“உன்ட கரவலய விடு! புள்ள இருக்காளா, இல்லயா?” என்று கத்தினேன்.

என் கையைப் பிடித்தாய். “நம்மட புள்ளய நான்தான் தூக்கினன் மச்சான். முகம் நல்லா இருந்திச்சி.”

யா அல்லாஹ்! தம்பியின் தோளில் விழுந்து அழுதேன். நீ எதற்காக அவ்வளவு சுற்றினாய் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

சண்டை முடிந்த வருசம் மட்டக்களப்பு ஆஸ்பத்திரியிலிருந்து உன் மகன் போன் எடுத்தான். “அப்பா போயிட்டார் மாமா. அம்மாக்கு நீங்கதான் சொல்லணும்.” நடுரோட்டில் நின்றேன். பிடித்துக்கொள்ள ஒரு கையில்லை.

உன் வீட்டுக்குப் போனேன். “தங்கச்சி, குந்துங்களன்” என்றேன். பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் கூப்பிட்டேன். இனி ராவில் கடலுக்குப் போகவும் தடையில்லையாம் என்றேன். மறுகா மழை, மறுகா மீன் விலை. உன் மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இது அவர்ர கரவலக் கதைதானே, அண்ணன்,” என்றாள். “அவர் போயிட்டாரா?”

ஓம் என்று தலையாட்டினேன். அந்தப் பிள்ளை அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டது.

இப்போது எந்த வீட்டுக்குக் கெட்ட செய்தி சொல்வதென்றாலும் என்னைத்தான் அனுப்புகிறார்கள். போகிறேன், மச்சான். நேராகச் சொல்ல எனக்கும் வருவதில்லை.