புங்க எண்ணெயில் ஓடும் எஞ்சின்

12.6.96, புதன்

மில் தோட்டத்துப் புல்தரைக்குத் தண்ணி இறைக்கிற எஞ்சினை டீசலிலிருந்து புங்க எண்ணெய்க்கு மாற்றி இன்றோடு நாலு நாள். இன்று மேனேஜர் பார்க்க வந்த நேரம் பார்த்து எஞ்சின் கிளம்பவே இல்லை. "ஏனுங்க, இது சரிப்பட்டு வருமுங்களா?" என்றார்.

தோட்டக் காண்ட்ராக்ட் போய்விடுமோ என்று பதறி, எஞ்சின் ஓட்டுகிற மாராத்தாளை அவர் எதிரிலேயே திட்டிப்போட்டேன். நிறுத்துவதற்கு முன் அஞ்சு நிமிஷம் டீசலில் ஓட்டாவிட்டால் எண்ணெய் குழாயில் கெட்டியாகிவிடும் என்று எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன்!

அவள் நேரே போய்க் கேன்டீனில் சுடுதண்ணி வாங்கி வந்து குழாய்மேல் ஊற்றினாள். கைப்பிடியைச் சுற்றினாள்; இரண்டாவது சுற்றிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. மேனேஜர், "பரவால்லீங்களே" என்று சிரித்தார்.

நான் பார்த்துக்கொள்கிற மற்ற மூணு தோட்டத்து எஞ்சினையும் அடுத்த மாசமே மாற்றிவிடுவேன். இந்த எண்ணெய் ஓடும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் நேற்று மாராத்தாள் சீக்கிரமே வீட்டுக்குப் போய்விட்டாள். அவசரத்தில் எஞ்சினை அப்படியே நிறுத்தியது நான்தான். இன்று ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோதுதான் ஞாபகம் வந்தது. இன்று சாயந்திரம் கிளம்பும்போது அவள் சொன்னதும் அப்போதுதான் விளங்கியது.

"இனிமே நிறுத்தற வேலைய எங்கிட்டயே உட்டுருங்கண்ணா."