ரோஜாப்பூ கிளாஸ்கள்

அண்ணி,

நேற்று உங்கள் மகள் ஓர் அட்டைப்பெட்டியோடு வந்தாள். உள்ளே பழைய செய்தித்தாள் சுற்றிய ஆறு கண்ணாடி கிளாஸ்கள். விளிம்பு வரை ஏறிய சிவப்பு ரோஜா. பார்த்ததுமே எனக்குக் கோபம்தான் வந்தது. நீங்கள் கண்ணை மூடி மூன்று வருடமாகியும் அது ஆறவில்லை பாருங்கள்.

பழம்பொருள் சேர்க்கும் பெங்களூர்க்காரர் ஒருவர் கேட்டு வாங்கினாராம். சோதித்துப் பார்த்துவிட்டு வேண்டாமென்று திருப்பிவிட்டாராம். நம் சண்டைக்குக் காரணமான கிளாஸ் என்பதால் என்னிடம் காட்ட வந்தாளாம்.

"பெயிண்டுல காரீயம் இருக்குதாம் அத்தை. வெசமாம், சின்னப் புள்ளைங்க மூளையக் கெடுக்குமாம். வாய் படற எடத்துலயே பூசியிருக்காங்க. நல்லவேளை, அம்மா எங்களுக்கு இதுல ஒரு வாய் குடுத்ததில்ல" என்றாள்.

உங்கள் பிள்ளைகளுக்கும் கொடுத்ததில்லையா? எனக்கு அது தெரியாது அண்ணி.

எண்பதுகளில் ஒரு மாம்பழக் காலம். ஐந்து வயது மகனோடு தருமபுரிக்கு, பிறந்த வீட்டுக்கு வந்திருந்தேன். ஷோகேஸில் இந்த ஆறும் வரிசையாக நிற்க, நீங்கள் அவனுக்கு எவர்சில்வர் டம்ளரில் ஜூஸ் நீட்டினீர்கள். பிறந்த வீட்டில் எதில் ஊற்றித் தருகிறார்கள் என்பதில்தானே கட்டிக்கொடுத்த பெண் தன் மரியாதையைப் பார்ப்பாள்?

"எம் மவன் அதுல குடிச்சா கொறஞ்சா போயிடும்?" என்றேன்.

"அதில்ல கண்ணு. எலுமிச்சங்கா தேச்சுக் கழுவுனேன், பூவு சாயம் விடுது. வாயில போவும். பையனுக்கு வேணாம்."

சாக்குச் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன். அன்றே கிளம்பிவிட்டேன். பஸ் ஏறுமுன் கடைவீதியில் அதே ரோஜாப்பூ கிளாஸ் ஆறு வாங்கினேன். அதற்கப்புறம் உங்கள் வாசலை மிதிக்கவில்லை. உங்கள் மகள் கல்யாணத்துக்குக்கூட வரவில்லை. என் மகன் பத்தாவது படிக்கும்வரை பால், மோர், ஜூஸ் எல்லாம் அதில்தான். குடித்து முடித்தும் விளிம்பைக் கடித்துக்கொண்டிருப்பான். ராஜா மாதிரி குடிக்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவனுக்குப் படிப்பு ஏறவில்லை. வயிறு வலிக்கிறது என்று அழுவான். பள்ளிக்கூடம் போக வலிக்கிறதா என்று அடிப்பேன். மக்கு, மக்கு என்று ஊர் கேட்கத் திட்டுவேன். கிளாஸால்தான் அப்படி ஆனதா என்று இன்று காலை டாக்டரிடம் கேட்டேன். இத்தனை வருஷம் கழித்துச் சொல்ல முடியாது என்றுவிட்டார்.

உங்களையும் சும்மா விட மனசில்லை. வேண்டாதது என்று தெரிந்தால் தூக்கி எறிய வேண்டியதுதானே, அழகுக்கு ஏன் அடுக்கி வைத்தீர்கள்? நான் கோபித்துக்கொண்டு போனால், பின்னாடியே வந்து கையைப் பிடித்துச் சொல்லக் கூடாதா? எனக்கு ரோஷம் என்றால் உங்களுக்கும் அதே ரோஷம். நடுவில் கிடந்தது என் பிள்ளை.

நேற்றே அவனிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். லாரி ஓட்டுகிறான், தொப்பூரில் சாப்பிட நிறுத்தியிருந்தான்.

"அப்ப நான் மக்கு இல்லையாம்மா?" என்று கேட்டான்.

நாற்பத்தைந்து வயது அவனுக்கு. போனை வைத்துவிட்டேன், அண்ணி.