எருமை தின்றதாக நீ சொன்ன முடிச்சு

இன்று விடிய, கடல்நீர் ஏறும் முந்தல் களப்பின் ஓரத்தில் அந்த நாற்றம் வந்தது. மீன் செதிளும் நண்டோடும் கலந்த நீர்நாயின் எச்சம், ஈரம் காயாமல் ஒரு கல்லின்மேல் கிடந்தது. "புதுசு" என்று சொல்லிக்கொண்டே திரும்பினேன். பின்னால் நீ இல்லை, கண்டல் மரங்கள் மட்டும் நின்றன.

மாரி ஓய்ந்து களப்பு வற்றத் தொடங்கும் தை மாதத்தில் முன்பெல்லாம் நாம் இருவரும் தோலுக்காகத் தடம் பார்க்கப் புறப்படுவோம். நீர்நாய் ஏறி இறங்கும் வழியை முதலில் கண்டவன் அங்குள்ள புல்லில் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டால், பங்குனி முடியும்வரை அந்த வழி அவனுடையது. வேறு எவனும் அங்கே கம்பிச் சுருக்கு வைக்கமாட்டான். அரசாங்கக் கச்சேரியில் இருக்கும் வெள்ளைக்காரத் துரைக்கு இது தெரியாது. நம் கரையில் தெரியாதவன் இல்லை.

அப்படியிருக்க, ஒரு வருடம் ஓடை வாயில் நான் முடிச்சுப் போட்ட வழியில் உன் சுருக்குக் கிடந்தது. அதில் ஒரு பெரிய கடுவன் நீர்நாயும் கிடந்தது.

"முடிச்சா? நான் காணல்லயே மச்சான். எரும திண்டிருக்கும்" என்றாய்.

"நான் கட்டினது முத்தின கோரையில. அதை எருமை தின்னுமாடா?"

"பசிச்சா ஒன்ட இடுப்புச் சாரத்தையும் தின்னும்."

நான் மாதாவின் மேல் ஆணையிட்டேன். நீ அல்லாஹ் அறியக் காணவில்லை என்றாய். அதற்குமேல் யாரிடம் போய் வழக்குச் சொல்வது?

சில நாள் கழித்து, காயவைத்த தோலை என் வேலிப் படலையடிக்குக் கொண்டுவந்தாய். "எடு மச்சான், இதோட விடு."

"தோல் வேணாம். பிழை எண்டு சொல்லு."

"காணாததைக் கண்டன் எண்டு எப்பிடிடா சொல்ற? கடைச் சாமான் சரை சுத்தின கடதாசியெல்லாம் படிச்சுப் படிச்சு ஒன்ட தலை இறுகிப்போச்சு." நீ சிரித்தாய். நான் சிரிக்கவில்லை.

பிறகு நீ ஒரு கரை, நான் மறு கரை. தூரத்தில் உன் வெள்ளைத் தொப்பி தெரியும். நீ கை தூக்குவாய். நான் தண்ணீரைப் பார்ப்பேன். எத்தனையோ பருவங்கள் அப்படியே போயின. இந்தத் தையில், தடம் பார்க்கத் தொடங்கிய சில நாளிலேயே காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. உன்னை அடக்கிய மையவாடி வேலிக்கு வெளியே நின்றேன். உள்ளே வா என்று யாரும் கூப்பிடவில்லை. போ என்றும் சொல்லவில்லை.

எச்சம் கிடந்த கல்லுக்கு மேலே, கரையில், உன் முடிச்சைக் கண்டேன். இடக்கையால் போட்ட முடிச்சு, உன்னுடையதேதான். கோரையில் அல்ல, முள் நிறைந்த தாழை ஓலையில் கட்டியிருந்தாய். எருமை வாய் வைக்காத இடம் பார்த்துக் கட்டியிருக்கிறாய்.

அதைப் பார்த்துக்கொண்டு நிற்கையில், உடப்பு ஊரிலிருந்து ஒருவன் கம்பிச் சுருளோடு வந்தான்.

"கட்டினவர்தான் போய்ச் சேந்திட்டாரே அண்ணே."

"பங்குனி முடியல்ல."

"அவரோட உங்களுக்குக் கதை பேச்சே இல்லையாமே?"

"முடிச்சு இருக்குத் தம்பி. நீ வேற இடம் பார்."

முணுமுணுத்துக்கொண்டே போனான்.

நான் கட்டியது கோரையில். அது அங்கே இருந்தது. அதை நான் விடப்போவதில்லை. பங்குனி முடியும்வரை நாள்தோறும் விடிய வந்து உன் வழியையும் பார்த்துக்கொள்வேன். இன்று வெயில் ஏறுமுன் அந்தத் தாழைக்குக் கீழே ஒரு தாய் நீர்நாய் குட்டிகளோடு இறங்கிப்போனது. வேறு யாரிடம் சொல்ல? உன்னிடம்தான் சொல்கிறேன்.